மழை தெரிகிற சக்கரம்

வெங்கல்வலசில் முதன்முதலாகப் பனி விழுந்தது ஒரு மோர்ச் சொம்புக்குள்தான். மாசி மாசம், அதற்குள்ளாகவே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா தெய்வசிகாமணியின் தகரக் கொட்டகைக்குள் நிழலுக்கு ஒதுங்கினாள், ஒதுங்கினவள் சும்மா இருக்கமாட்டாமல், "நானும் ஒருக்கா புடிச்சுப் பாக்கறனே" என்று கீழே கிடந்த வெள்ளை வெங்கச்சங்கல் ஒன்றை எடுத்துச் சுற்றுகிற சாணைச் சக்கரத்தில் வைத்தாள், வைத்தபடியே கனடாவில் இருக்கிற மகன் இந்நேரம் தூங்கியிருப்பானா முழித்துக் கிடப்பானா என்று நினைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. சாயங்காலம் பார்த்தால், முந்தானையில் முடிந்திருந்த கல் இடுப்பை விறைக்க வைக்கிறது, எடுத்துப் பார்த்தால் மேலே உப்புத் தூவினாப்போல வெள்ளையாக என்னமோ படிந்திருக்கிறது, துடைக்கத் துடைக்க மறுபடியும் படிகிறது. குஞ்சம்மா வாயைப் பிளந்துகொண்டு உட்காருகிற ரகமில்லை. கல்லைக் கழுவி மோரில் போட்டாள், சில்லென்று ஒரு சொம்பு குடித்தாள், அப்புறம்தான் மகனுக்குப் போன் போட்டாள்.

"ஏஞ்சாமி, அங்க பனி கொட்டுதா?"

"ஆமாம்மா, நேத்திருந்து கொட்டுது. உனக்கெப்படித் தெரியும்?"

"மோருல கெடக்குது. நீ கம்பளி போட்டிருக்கயா இல்லியா, அதச் சொல்லு முதல்ல."

காங்கேயத்துக்கும் வெள்ளக்கோயிலுக்கும் நடுவில் கிடக்கிற அந்த ஊரில் ரெண்டு விஷயத்துக்குப் பஞ்சமே கிடையாது. ஒன்று கல், ஏர் ஓட்டினால் கல், கிணறு வெட்டினால் கல், மழை கழுவிவிட்ட வண்டித்தடத்தில் காலையில் நடந்தால் கண்ணைப் பறிக்கிற கல். இன்னொன்று கொப்பரை வாசம். வாய்க்காலுக்கு அக்கட்ட தெற்கே, ஏக்கர் கணக்கில் களம் போட்டுத் தேங்காயை உடைத்துக் காயவைப்பார்கள், அந்த வாசம் வாய்க்காலைத் தாண்டி வந்து துணியில் ஏறி, தலையணையில் ஏறி, பிறந்த குழந்தையின் உச்சந்தலையில்கூட ஏறிக்கொள்ளும். தெய்வசிகாமணி மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கிறவர், ஐம்பத்தி நாலு வயசு, வாய்க்காலுக்கு வடபுறம் அத்தனை வீடும் அத்தனை கிணற்று மோட்டாரும் அவர் பொறுப்பு, தென்புறம் வேறு ஆபீஸைச் சேர்ந்தது. போகிற வழியில் கண்ணில் படுகிற கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வருவார், ஞாயிற்றுக்கிழமை ஆனால் கொட்டகையில் மோட்டாரைப் போட்டு அதைச் சாணை பிடிக்க உட்கார்ந்துவிடுவார். விற்க இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை, ஒரு ஆசை, அவ்வளவுதான்.

ஊர் அவரைக் கல்லுப் பைத்தியம் என்றது, ஆனால் மனுஷனுக்குக் கல்லைவிடச் சக்கரத்தின் மேல்தான் பைத்தியம். கோயமுத்தூருக்குப் போனால் கடையில் ஒவ்வொரு சக்கரமாக எடுத்து விரலில் தொங்கவிட்டு, மரக்கட்டையால் தட்டி, காதருகே வைத்துக் கேட்பார். கணீரென்றால் நல்ல சக்கரம், சொத்தென்றால் உள்ளுக்குள் விரிசல், ஓடுகிற ஓட்டத்தில் வெடித்து ஆளைக் கொன்றுவிடும். கெட்டியான கல்லாக இருந்தால் சீக்கிரம் தேய்கிற இளக்கமான சக்கரம் போட வேண்டும், கல் இளக்கமாக இருந்தால் கெட்டிச் சக்கரம், இதைப் புரிந்துகொள்ளவே தனக்கு மூன்று வருஷம் ஆயிற்று என்பார். கொட்டகைச் சுவரில் ஆணியடித்து வரிசையாக மாட்டியிருந்தார்: ரவை மாதிரி சொரசொரப்பான எண்பதாம் நம்பர், அதற்கடுத்து இருநூற்றி இருபது, அறுநூறு, மாவு மாதிரி நைசான ஆயிரத்து இருநூறு, கடைசியில் மெருகுக்கு ஒரு கம்பளிச் சக்கரம். ஒரு நம்பரை விட்டுத் தாண்டக் கூடாது. தாண்டினால் முந்தின சக்கரம் போட்ட கீறல் அப்படியே தங்கிவிடும், எத்தனை மெருகு ஏற்றினாலும் போகாது.

குஞ்சம்மாவின் மோர்ச் சொம்பை ஊரே எட்டிப் பார்த்த பிறகு யார் வீட்டிலும் சமையல் ஆகவில்லை. வெங்கல்வலசில் வெளியூருக்கு ஒரு ஆளையாவது அனுப்பாத வீடு ஏது? துபாய், சிங்கப்பூர், அஸ்ஸாம், சென்னை என்று பிள்ளைகளைத் தானியம் விதைத்தாற்போல வீசியிருந்தார்கள். எல்லோரும் ஆளுக்கொரு கல்லைத் தூக்கிக்கொண்டு கொட்டகை வாசலில் வந்து நின்றார்கள். அடுத்தவர் சாணை பிடித்துக் கொடுத்தால் பலிக்காது என்பது ரெண்டு நாளில் தெரிந்துபோயிற்று, ஏங்குகிறவர்தான் தன் கையால் பிடிக்க வேண்டும். எந்தச் சக்கரம் எதைக் காட்டும் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துபோயிற்று. எண்பதாம் நம்பர், நினைத்த ஆள் இருக்கிற இடத்தின் சூடும் குளிரும் காட்டும். இருநூற்றி இருபது காற்றடிக்கிறதைக் காட்டும். அறுநூறு மழையைக் காட்டும், அங்கே தூறினால் இங்கே கல் வியர்க்கும், அங்கே கொட்டினால் இங்கே கல்லிலிருந்து தண்ணீர் வழியும். ஆயிரத்து இருநூறு வாசத்தையே கொண்டுவந்துவிடும். அதற்கு மேல் வெறும் பளபளப்பு. ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. மாசம் தவறாமல் போன் வருகிற ஊரில் இது என்ன பெரிய அதிசயம் என்று விட்டுவிட்டார்கள்.

வந்து நிற்கிற ஒவ்வொருவரிடமும் தெய்வசிகாமணி ஒரே கேள்விதான் கேட்பார். "உங்களுக்கு எவ்வளவு தெரியோணுங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் ஆளுக்கொரு மாதிரி வந்தது. பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி சாந்தாமணி, "மழை வரைக்கும் போதுங்கண்ணா, வாசம் வேண்டாம், வெடிமருந்து வாசம் கிசம் வந்துதுன்னா நான் சோறு திங்கமாட்டேன்" என்று அறுநூறோடு நிறுத்திக்கொண்டாள். டீக்கடை ஆறுச்சாமி, சென்னையில் படிக்கிற மகனை நினைத்து வீறாப்பாக ஆயிரத்து இருநூறு வரைக்கும் போனார், மறுநாள் காலையில் கல்லிலிருந்து கும்மென்று பிராந்தி வாசம் அடிக்கவே, யாரும் பார்ப்பதற்குள் ஓடி வந்து எண்பதாம் நம்பரில் வைத்துப் பரபரவென்று திருப்பித் தேய்த்துவிட்டார். "எனக்குச் சூடு குளுரு தெரிஞ்சாப் போதுமப்பா" என்றார். திருப்பூரில் தங்கி வேலை பார்க்கிற புருஷன்மார் விஷயத்தில் மல்லிகைப்பூ வாசம் ரெண்டு வீட்டில் அடுப்பணைத்ததும், ஊர்க்கூட்டம் போட்டு, கல்யாணமான ஒரு வருஷத்துக்குள் யாரும் வாசச் சக்கரம் தொடக் கூடாது என்று முடிவெடுத்தார்கள்.

அப்புறம் எல்லாம் பழகிப்போயிற்று. மும்பைக்குப் பிள்ளையை அனுப்பினவர் கல்லைத் தக்காளி நாற்றங்கால் நடுவில் வைத்து ஆடி மாசம் முழுக்கத் தண்ணீர் பாய்ச்சினார். துபாய்க்கல் வைத்திருந்தவர்கள் குளிக்க வெந்நீர் போட்டார்கள். மழைக்கல் வைத்திருக்கிறவர்கள் கொப்பரைக் களத்துக்குள் வரக்கூடாது என்று களத்துக்காரர்கள் பலகை எழுதி மாட்டினார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே ஆளை நினைத்துத் தனித்தனிக் கல் வைத்துக்கொண்டு, என் கல் அதிகம் நனைகிறதா உன் கல் அதிகம் நனைகிறதா என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் ஆனால் ஆறுச்சாமியின் கடையில் ஆளாளுக்குக் கல்லை எடுத்து வைத்து, "எங்களுக்கு இன்னிக்கு நல்ல காத்து", "எங்களுக்கு வேக்காடு தாங்கல" என்று பேசிக்கொள்வார்கள். கேட்கிறவனுக்கு இவர்கள் எந்த நாட்டில் குடியிருக்கிறார்கள் என்றே சந்தேகம் வந்துவிடும்.

இத்தனை பேருக்கும் சக்கரம் எடுத்துக் கொடுத்த தெய்வசிகாமணியிடம், "உங்க கல்லு எங்கீங்க?" என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

கேட்கமாட்டார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகள் இந்துமதி, வாய்க்காலுக்கு அக்கட்ட இருக்கிற வேற ஆளுக வீட்டுப் பையனோடு ஓசூருக்குப் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். தெய்வசிகாமணி மாரியம்மன் கோயில் முன்னால் நின்று, தட்டில் எரிந்த கற்பூரத்தை வெறும் கையால் அடித்து அணைத்து, "எனக்குப் புள்ளை இல்லை, தலை முழுகியாச்சு, அவ பேரை என் காது கேக்கச் சொல்றவன் எனக்கு ஒறம்பரை இல்லை, பங்காளி இல்லை, ஊர்க்காரனும் இல்லை" என்று சத்தியம் பண்ணினார். கற்பூரம் அணைத்த சத்தியம் அந்த ஊரில் விளையாட்டில்லை. அன்றையிலிருந்து இந்து என்று தொடங்குகிற எந்தப் பேச்சும் அவர் வருகிற தெருவில் நின்றுபோகும். அவர் பெண்டாட்டி மயிலாத்தாளும் வாயைக் கட்டிக்கொண்டாள். உள்ளங்கையில் சுட்ட தழும்பு ஒரு மாசத்தில் ஆறிவிட்டது. மற்றது ஆறவில்லை, ஆறவில்லை என்று யாரிடம் சொல்வது, சொல்லக்கூடாது என்று கட்டளை போட்டதே அவர்தானே.

அதனால் கல்லிடம் போனார். இந்து ஒன்பது வயசில் அவரோடு மீட்டர் எடுக்க வந்தபோது வரப்பில் பொறுக்கி, "அப்பா, இதுக்குள்ள நெலா இருக்குது பாருங்க" என்று கொடுத்த சந்திரகாந்தக் கல் ஒன்றை, இதுநாள் வரை எந்தச் சக்கரத்திலும் வைக்காமல் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். தேங்காய் மூடி அளவு இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, வரிசை கூடுவதற்கு முன்னால், கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு எண்பதாம் நம்பரை மாட்டினார். இந்து இந்து என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே பிடித்தார். பிடித்து முடித்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஓசூர் குளிர்ந்த ஊர், கல் ஜில்லென்று இருக்க வேண்டும். அது வெங்கல்வலசு வெயில் போல வெதவெதவென்றுதான் இருந்தது.

சக்கரம்தான் சரியில்லை என்று நினைத்தார். சந்திரகாந்தம் சூடு தாங்காத கல், பொத்தினாற்போலப் பிடிக்க வேண்டும், இளக்கமான சக்கரமாகப் போட்டிருக்க வேண்டும் என்று வேறொன்று மாட்டினார். இருநூற்றி இருபதில் காற்று வந்தது. கொட்டகைக்கு வெளியே வேப்பமரம் ஆடுகிறபோதெல்லாம் கல்லிலும் காற்றடித்தது. அறுநூறில், ஓசூரில் பேய்மழை என்று டீவியில் சொன்ன அன்றைக்குக் கல் எலும்பாட்டம் காய்ந்து கிடந்தது. உள்ளூரில் ரெண்டு தூறல் போட்ட அன்றைக்கு மட்டும் வியர்த்தது. ஆயிரத்து இருநூறில் ஆசையாசையாக மூக்கில் வைத்து முகர்ந்தார். கொப்பரை வாசம். அட, இதைத்தானே பிறந்ததிலிருந்து முகர்ந்துகொண்டிருக்கிறோம் என்று கல்லைத் தூக்கி எறியப் போனவர், எறிய மனசு வராமல் மடியில் வைத்துக்கொண்டார்.

மறுபடியும் முதலிலிருந்து வந்தார். வைரத்தூள் பதித்த சக்கரம் வாங்கினார், ஜப்பான் சக்கரம் வாங்கினார், பெங்களூரிலிருந்து தருவித்தார், ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்டு, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிடித்தார். வேறு கல்லிலும் பிடித்துப் பார்த்தார், அதுவும் அதே கதை. தேய்கிறது கல்லல்லவா, ஒவ்வொரு சக்கரமும் கொஞ்சம் கொஞ்சம் தின்றது. தேங்காய் மூடி எலுமிச்சங்காய் ஆயிற்று, எலுமிச்சங்காய் நெல்லிக்காய் ஆயிற்று. ஊரெல்லாம் தன் பிள்ளையின் மழையில் நனைந்துகொண்டிருக்க, அவர் கையில் மட்டும் வெங்கல்வலசு வெயிலே காய்ந்தது.

விஷயம் எப்படியோ கசிந்தது. அவருக்கு ஏக்கமே இல்லை, அதுதான் கல் பேசமாட்டேன் என்கிறது என்று சிலர் கிசுகிசுத்தார்கள். சிலர் அவர் முகத்தைப் பார்த்து என்னமோ சொல்ல வாயெடுப்பார்கள், கற்பூரம் ஞாபகம் வந்து டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். ஒருநாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் தட்டைப் பார்த்தே பேசினார்.

"அவ என்ற நெஞ்சுல இல்லையாட்டம் இருக்குது மயிலா. இருந்தா கல்லு காட்டோணுமல்லொ. ஊருக்கெல்லாம் காட்டுது."

மயிலாத்தாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த ஊரில் கல்லே பிடிக்காத ஒரே பொம்பளை அவள்தான், கேட்டால் எனக்கெதுக்கு என்று சிரித்துவிடுவாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் வாய்க்காலுக்கு அக்கட்ட கோயிலுக்குப் போவாள், கை நிறையப் பலகாரத்தோடு போய் வெறும் தூக்குப்போசியோடு வருவாள்.

"கல்லுல ஒரு கொறையும் இல்லீங்க" என்றாள் மெதுவாக. "அது சரியாத்தான் சொல்லுது."

"என்னத்தச் சரியாச் சொல்லுது? உனக்குச் சக்கரத்தப் பத்தி என்ன தெரியும்? பேசாம ரசத்த ஊத்து."

அவள் ரசத்தை ஊற்றினாள். சொல்லித்தொலைத்துவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது, வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

கல் மொச்சைக்கொட்டை அளவு ஆனபோது தெய்வசிகாமணி தோற்றுப்போனார். இனி ஒரு சக்கரம் வைத்தால் கல்லே இல்லை. எல்லாச் சக்கரத்தையும் கழற்றிச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டார். அதுவரை கொட்டகையிலேயே இருந்த கல்லை, இருக்கிற துளியாவது கூட இருக்கட்டும் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஐப்பசி மாசம். வடக்கே கடைசித் தோட்டத்தில் கிணற்று மோட்டார் ரீடிங் பார்த்துக்கொண்டிருந்தார், மத்தியானம் மூன்று மணி இருக்கும், சுளீரென்று வெயில். தோட்டத்துக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, சட்டையெல்லாம் நனஞ்சு கெடக்குது?"

குனிந்து பார்த்தார். சட்டைப்பையிலிருந்து தண்ணீர் வழிந்து வேட்டிவரைக்கும் இறங்கியிருந்தது. பேனா மசி கரைந்து ஒரே நீலமாக இருந்தது. கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். மொச்சைக்கொட்டை அளவு கல், அதிலிருந்து அடைமழை கொட்டுகிறது, விரலிடுக்கெல்லாம் வழிந்து செம்மண்ணில் சொட்டுகிறது. நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார், ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை. ஓசூர், ஓசூர் மழை, காட்டிவிட்டது கடைசியில் என்று ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் புல்லரித்தது. மூக்கில் வைத்து முகர்ந்தார். நனைந்த கொப்பரை. ஓசூரில் ஏதுடா கொப்பரை என்று நினைத்துக்கொண்டே, எதற்கென்று தெரியாமல் தெற்கே திரும்பினார்.

வாய்க்காலுக்கு அக்கட்ட, கொப்பரைக் களங்களின் மேல் மட்டும், ஒரே ஒரு கருமேகம் நின்று பெய்துகொண்டிருந்தது. இங்கே வெயில், அங்கே மழை, நடுவில் மூன்று மைல்.

அப்புறம் அவருக்கு எல்லாம் ஒரே மூச்சில் விளங்கியது. தான் அறுநூறையும் ஆயிரத்து இருநூறையும் மாற்றி மாற்றி மாட்டியது, தட்டித் தட்டிக் கேட்டது, ஜப்பானுக்கும் பெங்களூருக்கும் சொல்லிவிட்டது, மகள் பொறுக்கிக் கொடுத்த கல்லை மொச்சைக்கொட்டை ஆகிற வரைக்கும் தேய்த்துத் தொலைத்தது, அத்தனையும் வீண். ஊரில் எல்லோருக்கும் ஏங்குகிற ஆள் தூரத்தில் இருந்தார்கள், பக்கத்தில் இருக்கிற ஒருத்திக்காக ஏங்குகிறவன் கல் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரிய வழியில்லை, அவருக்கும் தோன்றவில்லை. முதல் நாளிலிருந்தே கல் அவள் வெயிலைத்தான் காட்டியது. அவளும் அவரும் ஒரே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

"அட மடையா" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு மொபெட்டை உதைத்தார்.

வாய்க்கால் பாலத்தில் ஏறுகிறபோது கல் நனைந்தது, அவர் நனையவில்லை. பாலத்தை இறங்கினதும் முதல் சொட்டு நெற்றியில் விழுந்தது, அப்புறம் தோளில், அப்புறம் கண் தெரியாமல் கொட்டியது. எட்டு வருஷமாக அவர் அந்தப் பக்கம் வந்ததில்லை. சந்து சந்தாகப் புது வீடுகள். இப்போது கல்லும் நனைகிறது, அவரும் நனைகிறார், இனிமேல் கல் ஒன்றும் சொல்லாது, எந்தச் சக்கரமும் உதவாது. மளிகைக்கடை ஒன்றின் முன்னால் வண்டியை நிறுத்தினார். கடைக்காரர் அவரை அடையாளம் கண்டுகொண்டு கை வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்றார். தெய்வசிகாமணி வண்டியை விட்டு இறங்கினார். வாயைத் திறந்தார், வெறும் காற்று வந்தது. மறுபடியும் திறந்தார்.

"என்ற புள்ளை" என்றார். "இந்துமதி. என்ற புள்ளை இந்துமதி ஊடு எதுங்க?"

எட்டு வருஷத்தில் அந்தப் பேரை அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் வண்டியைப் பிடித்துக்கொண்டார். கடைக்காரர் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை, என்றைக்காவது கேட்பார் என்று காத்திருந்தவர் மாதிரி கையை மட்டும் நீட்டினார்.

"மூணாவது சந்துங்க, பச்சைக் கதவு. வந்து நாலு வருசமாச்சு. மாப்பிள்ளை லாரிக்குப் போறாரு. பாத்துப் போங்க, வழுக்கும்."

பச்சைக் கதவு திறந்து கிடந்தது. வாசலில் ரெண்டு கொடி நிறையத் துணி, மழை திடுதிப்பென்று வந்துவிட்டதால் ஒருத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டமாக ஓடி இழுத்து இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பூசினாற்போல ஆகியிருந்தாள், நெற்றி மட்டும் அப்படியே அவர் நெற்றி. வீட்டுப்படியில் நின்றுகொண்டு ஒரு பெண்குழந்தை மழையில் கையை நீட்டி விளையாடியது. தெய்வசிகாமணி வேலியோரம் நின்றார். என்ன சொல்வது, எதைச் சொல்லி உள்ளே கால் வைப்பது, கற்பூரம் அணைத்த கையை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. போ என்று சொல்லிவிட்டால் போய்விட வேண்டியதுதான், அவளுக்கு அந்த நியாயம் இருக்கிறது.

அவள் திரும்பினாள். பார்த்தாள். கையில் இருந்த போர்வை பாதி தரையில் விழுந்து சேறானது. குழந்தை, "யாரும்மா?" என்றது. மழை ஒரு பாட்டம் பெய்தது. இந்துமதி முகத்தில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாள், அப்புறம் நேற்றைக்குத்தான் பார்த்துப் பேசினவள் மாதிரி ஒரு அதட்டல் போட்டாள்.

"பாத்துட்டு நிக்கிறீங்களே, அத்தனையும் நனையுதல்லொ. அந்தக் கொடியில இருக்கறத எடுங்கப்பா."

அவர் ஓடினார். ஐம்பத்தி நாலு வயசில் செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ள, அதை விட்டுவிட்டு வெறுங்காலோடு கொடிக்கு ஓடினார். முதலில் கைக்கு வந்தது ஒரு ஆம்பளைச் சட்டை, காக்கிச் சட்டை, லாரிக்காரன் சட்டை. தெய்வசிகாமணி அதை உருவி, மேற்கொண்டு ஒரு சொட்டு படாமல் தன் சட்டைக்குள் திணித்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அடுத்த துணிக்குக் கையை நீட்டினார்.